துளையை மூடிய கறுப்பு டேப்

"அடுத்துப் பேச வேண்டியது நானு. பென் டிரைவைக் காணோம்."

பவானி சொன்னதைக் கேட்டதும் தொகுப்பாளினி திரிஷாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேனி மண்டபத்தில் கேபிள், இணையத் தொழில்காரர்களின் மாநாடு. சாப்பாட்டு இடைவேளை முடிந்தால் பவானியின் முறை. பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் கஸ்தூரியம்மாள் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை.

"அதுல என்ன இருக்கு?"

"எங்க வீட்டுக்காரரு குரலு. மழையில கரண்டு போஸ்ட்ல ஏறுறதுக்கு முன்னாடி போன்ல பேசி அனுப்புனாக. அந்த போனும் கெட்டுப்போச்சு, வேற காப்பி இல்ல. அதைப் போட்டுக் காட்டி, இனி மழையில யாரையும் ஏத்தக் கூடாதுன்னு தீர்மானம் கேக்கலாம்னு வந்தேன்."

கடமலைக்குண்டில் அவள் கணவர், கேபிள் லைன்மேன் செல்வமணி, மின்சாரம் தாக்கி இறந்து இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாவம், அந்தக் குரலையுமா பறிகொடுக்க வேண்டும் என்று நினைத்தாள் திரிஷா.

இடைவேளையில் பேச்சாளர் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்தான். சென்னை ஓ.டி.டி. நிறுவனத்து அஜய்குமார், செட்டாப் பாக்ஸ் விற்கும் தமிழ்மாறன், லைன்மேனாகத் தொடங்கி ஆபரேட்டரான ஈஸ்வரபாண்டி. கடைசி ஆள் செல்வமணியின் அண்ணன். அங்கிருந்த லேப்டாப்பில் பென் டிரைவ் செருகியிருந்த துளையின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் நுனி சிறிதாக மடிக்கப்பட்டிருந்தது.

"டேப் மைக்செட்காரரோடது, மேஜையிலதான் கெடக்கு. யாரு வேணா எடுத்திருக்கலாம். எனக்கு அந்தச் சென்னைக்காரரு மேலதான் சந்தேகம்," என்று கிசுகிசுத்தாள் திரிஷா.

மூவரையும் நிற்கவைத்து வெளுத்து வாங்குவார் என்று அவள் காத்திருக்க, கஸ்தூரியம்மாள் அஜய்குமாரையும் தமிழ்மாறனையும் சாப்பிட அனுப்பிவிட்டார். திரிஷாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"ஈஸ்வரபாண்டி, பொருளை எடுக்க வந்தவுக துளையை எதுக்கு மூடணும்?"

அவர் டேப்பைப் பார்த்தார்.

"லைன்மேன் வேலையில கேபிளைக் கழட்டுனா, தண்ணி இறங்காம இருக்க அந்த வாயை டேப் போட்டு மூடுவீக. மறுபடி உரிக்கத் தோதா நுனியை மடிச்சு விடுவீக. பாக்ஸ் விக்கிறவருக்கும் ஓ.டி.டி.க்காரருக்கும் அந்தப் பழக்கம் ஏது? மனசு எங்கேயோ கெடந்திருக்கு, கை தன் வேலையைப் பாத்திருச்சு."

ஈஸ்வரபாண்டி சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். "அன்னைக்கு அவனை ஏறச் சொன்னது நாந்தான் ஆத்தா. அதையும் அதுல சொல்லியிருப்பான். இத்தனை பேரு முன்னாடி... தாங்க முடியல."

"சொல்லித்தான் இருந்தாக அத்தான்," என்றாள் பவானி. "அந்த இடத்தை நான் காப்பி எடுக்கையிலயே வெட்டிட்டேன். உங்களையும் இழக்க எனக்குத் தெம்பு இல்ல."

திரிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள்.

சற்று நேரத்தில் மண்டபம் முழுக்க செல்வமணியின் குரல் கேட்டது. "தூறல்தான் பவானி. ஏறி இறங்கிட்டு வந்துர்றேன், சோத்தைப் போட்டு வையி."

பவானி தீர்மானத்தைப் படிக்க வாயெடுப்பதற்குள் ஈஸ்வரபாண்டி மேடையேறி மைக்கை வாங்கினார்.

"இதுல ஒரு பேரை வெட்டியிருக்காக," என்றார். "அது என் பேரு."