கண்ணுக்குத் தெரியாத நிறம்

உப்பளம் பகுதியிலிருந்த துப்பறிவாளர் இராமதாஸின் அறைக்குள் சிந்துஜா நுழைந்தாள். செய்யாத தப்புக்கு மோசடிக்காரி என்ற பட்டம். மறுநாள் விசாரணைக் குழு கூடுகிறது. வேலை போகும், பிரான்ஸில் கிடைத்த வாய்ப்பும் கைநழுவும். கூட வந்த கணவன் வினோத்குமார், ஆறுதலாக அவள் தோளைப் பிடித்திருந்தான். அவள் வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்திலேயே எலிகளைப் பராமரிப்பது அவன் பொறுப்பு.

விஷயத்தை அவளே சொன்னாள். உயிருள்ள எலியின் உடம்பில் மூப்படைந்த செல்களை மட்டும் தேடிப் பிடித்து ஒளிரும் நுண்துகள்களை அவள் உருவாக்கியிருந்தாள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. கேமரா பிடிப்பதைக் கணினி பச்சையாகப் பூசிக் காட்டும். கிழட்டு எலிகள் ஒளிர வேண்டும், இளம் எலிகள் இருண்டு கிடக்க வேண்டும். முதல் சோதனையில் அப்படித்தான் வந்தது. இயக்குநர் முன்னால் மறுபடி செய்தபோதோ இளம் எலிகளின் வயிறும் பளபளத்தது, துகள் ஊசியே போடாத எலி உட்பட. முதல் படங்கள் ஜோடனை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

பொறாமை பிடித்த இயக்குநரின் வேலைதான் என்று இராமதாஸின் உதவியாளன் அருள்முருகன் அடித்துச் சொன்னான். அவனுக்கு எல்லா வழக்கிலும் மேலதிகாரிதான் குற்றவாளி. இராமதாஸ் அவனைக் கையமர்த்திவிட்டு வினோத்குமாரிடம் திரும்பினார்.

"நீங்க என்ன பாத்தீங்க தம்பி?"

"எல்லாத்துக்கும் வயித்துல செவப்பா மின்னுச்சு சார். இவ ஒடஞ்சே போயிட்டா."

இராமதாஸ் சிந்துஜாவைப் பார்த்தார்.

"ஊசி போடாத எலியும் மின்னுச்சுன்னா, ஒளி துகள்ல இல்லம்மா, தின்னதுல இருக்கு. பச்சிலைக்கு அந்தக் குணம் உண்டு. யாரோ கீரை போட்டிருக்காங்க. ஆனா படத்துல அது பச்சை. கீரைச் சாற்றைக் கள்ளநோட்டு பாக்குற வெளக்குல காட்டினாத்தான் கண்ணுக்குச் செவப்பா தெரியும். அப்படி முன்கூட்டியே சோதிச்சுப் பாத்தவருக்குத்தான் செவப்புன்னு வாயில வரும்."

தோளிலிருந்த கை மெல்ல விலகியது. இது தனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று சிந்துஜா நினைத்தாள். தீனி அவன் கையில் இருந்தது, அதனால்தான் தோன்றவில்லை.

"நீ போனா திரும்பி வரமாட்டன்னு பயந்துட்டேன்," என்றான் வினோத்குமார். "பயணம் கொஞ்சம் தள்ளிப்போவும்னுதான் நெனச்சேன்."

குழுவிடம் தானே வந்து விளக்குவதாக இராமதாஸ் சொன்னார். அவள் பெயர் பிழைத்துவிட்டது. அதில் அவளுக்குத் துளி சந்தோஷமும் இல்லை.

வெளியே அவன் வண்டியைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்தான். அவள் ஏறவில்லை.

"தெனமும் நான் அழுவறத பக்கத்துல படுத்துப் பாத்துக்கிட்டே இருந்தீங்க. மொத நாளே, எலிங்களப் பாத்தா பாவமா இருந்துச்சு, தெரியாம கீரை போட்டுட்டேன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா, நம்பியிருப்பேன்."

சொல்லிவிட்டு எதிரே வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.