இரண்டு டையோடுகள்

கிட்டார் எதுவும் செருகாத பெட்டியிலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மழை விட்ட சாயங்காலம். ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் வேலை பார்க்கும் அவள், கையில் ஈயம் பற்றவைக்கும் கோலோடு அப்படியே உறைந்து உட்கார்ந்தாள். கணவன் மேடையில் காலால் மிதித்து, கிட்டாரை உறுமவைத்த பெட்டி அது. அவன் செத்த பிறகு பரணில் கிடந்ததை, பொழுது போகாத பாழாய்ப்போன ஞாயிறு என்று இறக்கி, தூசி தட்டி, ஸ்பீக்கரோடு இணைத்திருந்தாள். ஈரச் சுவரின் வாடையும் ஈயப் புகையும் கலந்த அந்த அறையில், கரகரவென்று, தலையும் காலும் அறுபட்ட ஒரு குரல் கூப்பிட்டது.

"குட்டிம்மா."

அப்படிக் கூப்பிட்டவன் அவன் ஒருத்தன்தான். எழுந்து ஓட அவளுக்கு மனசு வரவில்லை. எத்தனை மாதமாயிற்று, இந்த வீட்டில் அவளை யாராவது கூப்பிட்டு!

குரல் ஏன் அறுபடுகிறது என்று அவளுக்குத் தெரியும். உள்ளே எதிரும் புதிருமாய் இரண்டு டையோடுகள். சத்தம் சின்னதாக இருக்கும்வரை வழிவிடாது. ஏறினால் திறந்துகொள்ளும், அங்கே இம்பீடன்ஸ், அதாவது மின்தடை, சடாரென்று சரியும், மிஞ்சிய சத்தமெல்லாம் கிரவுண்டு கம்பிக்குப் போய்விடும். அலையின் மேல்பக்கத்தை ஒன்று வெட்டும், கீழ்ப்பக்கத்தை இன்னொன்று. இரண்டையும் எடுத்துவிட்டால்? ஒரே ஒரு தடவை அவன் குரலை முழுசாகக் கேட்கலாம்.

பெட்டியை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அணைத்து, அவன் போய்விட்டால்? அவள் அணைக்கவில்லை.

முதல் டையோடு கழன்று வந்தது. கரகரப்பு பாதி அடங்கியது.

"சாப்ட்டியா, குட்டிம்மா?"

அழுதேவிட்டாள். "தனியா என்னத்தைங்க சாப்பிடறது?"

போன் அடித்தது. அண்ணன். போனின் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னம்மா பண்ற? பின்னாடி யாரு பேசறது?"

"யாருமில்லண்ணா. ஒரு நிமிஷம் இருங்க."

இரண்டாவதும் கழன்றது.

நிசப்தம். மூச்சுகூட இல்லை. ஐயோ, போய்விட்டானா? பதறிப்போய், ரிப்பேர்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, டையோடு இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். தொட்டால் ஸ்பீக்கர் உறும வேண்டும். உறுமவில்லை. சத்தம் வேறு ஏதோ வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

விரலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.

சில்லென்று மணிக்கட்டில். முழங்கையில். தோளில்.

தொண்டையில்.

அவள் வாய் தானாகத் திறந்தது. துளிக் கரகரப்பு இல்லை. அவனுடைய முழுக் குரல்.

"சாப்ட்டாச்சு, மச்சான்."



"மாப்ள?" என்றார் போனில் அண்ணன், மெதுவாக. "அவ... அவ எங்க?"

அவள் வாய் சிரித்தது.

மேசைமேல் ஸ்பீக்கர், ரொம்ப சன்னமாக, அவள் குரலில் "அண்ணா" என்றது.