மணிக்காரி வைத்த நேரம்

அந்த வீட்டில் மணிக்காரி என்றால் அவள் ஒருத்திதான். ஐந்தாம் வகுப்பு. வாய் துடுக்கு, விரல்கள் அதைவிடத் துடுக்கு. பட்டப்பெயரை வைத்தது அப்பா. அவர் கப்பலில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான்.

கூடத்து அலமாரியின் மேல் இணையப் பெட்டி ஒன்று இருந்தது. வீடு முழுவதற்கும் இணையம் கொடுப்பது அதுதான். அதற்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. மின்சாரம் போய்வந்தால் போதும், பெட்டிக்கு நேரம் மறந்துவிடும். ஏதோ ஒரு பழைய வருடத்து நள்ளிரவில் கண்விழிக்கும். உடனே அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வார். அவள் டேப்லெட்டில் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து அந்த நேரத்தைத் தட்டிவிடுவாள். அதனால்தான் மணிக்காரி.

பெட்டிக்குச் சரியான நேரம் தெரிந்தே ஆக வேண்டும். இரவு ஒன்பதுக்கு இணையத்தை அடைத்துக் காலை ஆறுக்குத் திறக்கும்படி அம்மா அதில் பூட்டுப் போட்டிருந்தார். பிள்ளைகள் போர்வைக்குள் படம் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான்.

மணிக்காரி அப்போது ஒரு தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். குகைக்குள் தொலைந்துபோன நாய்க்குட்டியின் கதை. நாய்க்குட்டி வெளிச்சத்தைப் பார்க்கப் போகிறது என்கிற நேரத்தில் சரியாக ஒன்பது மணி ஆகும். திரை அப்படியே நின்றுவிடும்.

ஒரு நாள் மாலை மின்சாரம் போய்வந்தது. பக்கத்து அறையில் சீருடை தைத்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, “ஏழு மணி” என்றார். அவள் ஆறு என்று தட்டினாள்.

அன்று இரவு பத்து மணி வரை இணையம் இருந்தது. நாய்க்குட்டி குகையை விட்டு வெளியே வந்தது, அடுத்த குகைக்குள்ளும் போனது. ஒரு மணி நேரம்தானே, நாளைக்குச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாள். நாளை வந்தது, மறுநாளும் வந்தது. அவள்தான் சரிசெய்யவில்லை.

அந்த வாரம்தான் அவள் தம்பிக்கு முதல் பல் விழுந்தது. வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். பல் விழுந்த நிமிடத்திலிருந்து அவன் வாயைப் பொத்திக்கொண்டான்.

“அப்பாதான் முதல்ல பாக்கணும்” என்றான் கைக்குள்ளிருந்து.

விழுந்த பல்லை ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டான். பள்ளியில் பாடம் வாசிக்கச் சொன்னால் புத்தகத்தை மூக்கு வரைக்கும் தூக்கிக்கொண்டான். பாடத்தின் மீது எவ்வளவு ஆர்வம் என்று டீச்சர் பாராட்டினாராம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கூப்பிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். கப்பல் துறைமுகத்தில் நிற்கும் கொஞ்ச நேரம்தான் அவருக்கு இணையம் கிடைக்கும். கப்பல் கிளம்பிவிட்டால், அடுத்த துறைமுகம் வரைக்கும் பல வாரங்களுக்கு ஒரு வார்த்தை பேச முடியாது.

அன்றைக்குச் சின்னவன் தானே எழுந்து தலை சீவிக்கொண்டான். டேப்லெட்டைத் தலையணை மேல் சாய்த்துவைத்து, வாயைப் பொத்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தான். ஆறு மணி ஆனது. அழைப்பு வரவில்லை. திரையின் ஓரத்தில் இணைப்பு இல்லை என்றிருந்தது.

“அப்பா மறந்துட்டாராம்மா?” என்று கேட்டான்.

“மறக்க மாட்டார்டா. இன்னைக்குன்னு பாத்து நெட் போயிருக்கு, வந்துடும்” என்றார் அம்மா.

மணிக்காரிக்குத்தான் உண்மை தெரியும். நெட் எங்கும் போகவில்லை. பெட்டியின் கணக்கில் மணி இன்னும் ஐந்துதான். ஏழு மணிக்குத்தான் அது திறக்கும். அமைப்புப் பக்கத்தில் நேரத்தை மாற்றினால் போதும். ஆனால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மாற்றினால் பார்த்துவிடுவார். அம்மா சமையலறைக்குப் போகட்டும், உடனே மாற்றிவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். அம்மா எழுந்திருக்கவே இல்லை.

சின்னவன் வலது கை வலித்து இடது கையால் வாயைப் பொத்தியபோது அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. டேப்லெட்டைப் பிடுங்கி நேரத்தை மாற்றினாள். இணையம் திறந்தது. செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன.

‘கூப்பிடறேன், கிடைக்கல.’

‘மறுபடியும் கூப்பிட்டேன்.’

‘கப்பல் கிளம்பிடுச்சு. சின்னவன் என்னமோ காட்டணும்னானே. அடுத்த தடவை பாக்கறேன்னு சொல்லு.’

அம்மா திருப்பிக் கூப்பிட்டார். மணி அடிக்கவே இல்லை.

மணிக்காரி அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நாய்க்குட்டி, குகை, ஒரு மணி நேரம், அம்மா போகட்டும் என்று காத்திருந்தது, எதையும் விடவில்லை. சின்னவன் மெல்லக் கையை எடுத்தான். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? பல் விழுந்த ஓட்டையை அம்மா பார்த்தார், அக்காவும் பார்த்தாள்.

அம்மா அடிக்கவில்லை, கத்தவும் இல்லை.

“உன்னை நம்பித்தான் சுவரைப் பாத்து மணி சொன்னேன். நீ என்ன வச்சேன்னு ஒரு நாள்கூடப் பெட்டியைத் திறந்து பாத்ததில்ல” என்றார்.

அதற்கு இரண்டு அடி வாங்கியிருக்கலாம் என்றிருந்தது அவளுக்கு.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தையல் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றாள். “அம்மா, இனிமே மணி வைக்கிற வேலை எனக்கு வேண்டாம். யாருமே கையால வைக்க வேண்டாம். அதுக்கு வழி இருக்கான்னு கேக்கலாமா?”

அம்மா இணையக்காரருக்கு போன் போட்டு அவளிடம் கொடுத்தார். வழி பெட்டியிலேயே இருக்கிறதாம், இத்தனை நாள் யாரும் அதை இயக்கிவைக்கவில்லை, அவ்வளவுதான். சரியான நேரத்தைக் காத்துவைப்பதற்கென்றே சில கணினிகள் இருக்கின்றன, அவற்றின் முகவரியைக் கொடுத்துவிட்டால் பெட்டி அவற்றிடம் இணையம் வழியாகக் கேட்டுத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்றார் அவர். நாம் இருக்கும் இடத்தின் நேரப் பகுதியையும் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

அவள் முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டினாள். நேரப் பகுதியில்தான் அவசரப்பட்டு உலகத்தின் வேறொரு மூலையைத் தொட்டுவிட்டாள். பட்டப்பகலில் பெட்டிக்கு நடு இரவு ஆனது. படக்கென்று இணையத்தை அடைத்துக்கொண்டது.

“அக்கா பெட்டியைத் தூங்க வச்சுட்டா” என்றான் சின்னவன். அன்றைக்கு அவன் முதல் தடவையாகச் சிரித்தான்.

அவள் சரியான பகுதியைத் தேடிப் பிடித்து வைத்தாள். பிறகு பெட்டியின் இணைப்பைப் பிடுங்கி, மறுபடியும் செருகினாள். பெட்டி வழக்கம்போலப் பழைய வருடத்தில் கண்விழித்தது. விளக்குகள் மினுங்கின. சற்று நேரத்தில், யாரும் தொடாமலே, சுவர்க் கடிகாரத்தின் நேரத்துக்கு வந்துசேர்ந்தது. அன்று இரவு ஒன்பது மணிக்குப் படமும் யாரையும் கேட்காமல் நின்றது. நாய்க்குட்டி எங்கே போனது என்று அவள் தேடவில்லை.

பெட்டி சரியாகிவிட்டது. கைநழுவிப் போன அந்தக் காலை அழைப்பைத்தான் சரிசெய்ய முடியவில்லை.

சின்னவனின் ஓட்டைக்குள் புதுப்பல் வெள்ளையாக முளைத்தது. கொஞ்சம் மெதுவாக வளரக் கூடாதா என்று அவள் தினமும் அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். அது பாட்டுக்கு வளர்ந்தது. பாதிக்கு மேல் வளர்ந்தபோது பக்கத்துப் பல் ஆட ஆரம்பித்தது. அன்றிலிருந்து அவனுக்கு ஆப்பிளைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுப்பது அவள் வேலை ஆனது. ரொட்டியின் கெட்டி ஓரத்தையும் கிள்ளி எடுத்துவிடுவாள்.

பல வாரங்கள் கழித்து, ஒரு காலை ஆறு மணிக்கு, திரையில் அப்பாவின் முகம் வந்தது.

“என்னடா காட்டணும்னியே?”

சின்னவன் வாயைத் திறந்தான். அப்பா உற்றுப் பார்த்தார். “எல்லாப் பல்லும் இருக்கே.”

சின்னவன் அக்காவைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளே முன்னால் வந்தாள்.

“ஓட்டை இருந்துச்சுப்பா. நான்தான் உங்களைப் பாக்க விடாம பண்ணிட்டேன்” என்று நடந்ததைச் சொன்னாள்.

“அன்னைக்குக் கப்பல் கிளம்பற வரைக்கும் மேல்தளத்துல போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்” என்றார் அப்பா. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

சின்னவன் டப்பாவைத் திறந்து முதல் பல்லைத் திரைக்குப் பக்கத்தில் காட்டினான். பிறகு நாக்கால் பக்கத்துப் பல்லைத் தள்ளினான். அது கதவு மாதிரி முன்னும் பின்னும் ஆடியது.

“அக்கா இதை விழவே விடலப்பா. இத்தனை நாளா எனக்கு ஒரு ஆப்பிள்கூட முழுசாத் தரல.”

அப்பா சிரித்த சிரிப்பில் திரையே குலுங்கியது. “பாத்துட்டேன்டா. இனி அது எப்ப வேணா விழட்டும்” என்றார். பிறகு, “மணிக்காரி, அங்க இப்ப மணி என்ன?” என்று கேட்டார்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகச் சொன்னாள்.

கப்பல் கிளம்பிய பிறகு, அவள் சமையலறைக்குப் போனாள். கத்தியை எடுக்கவில்லை. ஓர் ஆப்பிளைக் கழுவி, முழுசாகவே தம்பியின் கையில் கொடுத்தாள்.