பின்வாசல் வழி

நகர்வு நாளில் வளர்பொழிலில் யாரும் காலையில் பால் காய்ச்சுவதில்லை. வீடு கிளம்பும்போது சற்றுக் குலுங்கும்.

இதழினி சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் குடிவந்து மூன்று மாதம். இது அவளுக்கு முதல் நகர்வு. அவள் வீடு அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து மஞ்சள் வீடுதான் அசைந்தது. தரைக்கடியில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் கழன்றுகொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அந்த வீடு, வாசலில் இருந்த ரோஜாத் தொட்டிகளோடு, தண்டவாளத்தில் ஊர்ந்து தெருமுனையில் திரும்பி மறைந்தது.

சுவர்த்திரையில் அறிவிப்பு வந்தது.

'செல்லக்கனி – அமிர்தராஜ் இல்லம். ஏழாம் வட்டத்திலிருந்து பன்னிரண்டாம் வட்டத்துக்கு. காரணம்: அண்டை வீட்டாரின் விலக்கம்.'

அது தெருவின் கடைசி வீடு. அதற்கு அண்டை வீடென்று இருந்தது அவளுடையது ஒன்றுதான்.

வளர்பொழிலின் எல்லா நடைபாதைகளிலும் ஓடுகளுக்கு அடியில் அடியுணரிகள் இருந்தன. யார் யாருடைய வாசலில் நிற்கிறார்கள், யாருடைய வாசலைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று அவை குறித்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தளவரை என்ற ஊர்க்கணினி அதைக் கூட்டிப் பார்த்து ஊரை மாற்றி அடுக்கும். நடப்பவரின் வீடு நகராது. அவர் யாரை நோக்கி நடக்கிறாரோ அவருடைய வீடு அருகே வரும். யாரைத் தவிர்க்கிறாரோ அவருடைய வீடு தள்ளிப் போகும். பிடிக்காத அண்டை வீட்டார் இல்லாத ஊர் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள்.

இதழினிக்குச் செல்லக்கனியைப் பிடிக்கும்.

குடிவந்த மறுநாளே செல்லக்கனி ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொண்டுவந்தார். "வீட்ல செஞ்சதும்மா. கூச்சப்படாம தின்னு. டப்பா மெதுவா வரட்டும்." இதழினி இரண்டே நாளில் தின்று தீர்த்தாள். டப்பாவை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். அதில் என்ன போட்டுத் தருவது என்றுதான் தெரியவில்லை. விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, கேன்டீனில் சாப்பாடு, சமைக்கத் தெரியாது. கடையில் வாங்கிப் போட்டால் மரியாதையாக இருக்குமா? ஒரு வாரம் போயிற்று. அதன்பிறகு, தாமதத்துக்கு என்ன சொல்வது என்பதும் சேர்ந்துகொண்டது. செல்லக்கனியின் கண்ணில் படாமலிருக்க அவள் பின்வாசல் வழியாகப் போகத் தொடங்கினாள்.

செல்லக்கனியின் கணவர் அமிர்தராஜுக்குக் கண் தெரியாது. நில அளவைத் துறையில் இருந்தவர். கண் அழுத்த நோயில் பார்வை போன பிறகு ஊரை அடியால் அளந்தார். தினமும் காலை ஏழு மணிக்கு அவர் "ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்கும் குரல் இதழினியின் ஜன்னலில் கேட்கும். டீக்கடை நூற்று எண்பத்தாறு. சலூன் இருநூற்றுப் பன்னிரண்டு. திரும்பி வந்ததும் மனைவியிடம் சத்தமாக ஒப்பிப்பார்.

நகர்வன்று மதியமே அவள் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனாள்.

"தப்பா நகர்த்திட்டீங்க. எனக்கு அவங்களைப் பிடிக்கும்."

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். "அப்புறம் ஏன் மேடம் தொண்ணூறு நாள்ல எழுபத்தொரு நாள் பின்பக்கமா போயிருக்கீங்க?"

"ஒரு டப்பா..."

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல."

"வாயால சொல்றதை எடுத்துக்க மாட்டோம் மேடம். கேட்டா எல்லாரும் எல்லாரையும் பிடிக்கும்னுதான் சொல்வாங்க. கால் அப்படிச் சொல்லாது."

அன்று மாலை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பன்னிரண்டாம் வட்டத்துக்கு நடந்தாள். நாற்பது நிமிடம். அதற்கு அப்பால் ஏரிதான். மஞ்சள் வீட்டு மணியை அழுத்தக் கையை உயர்த்தியபோது உள்ளே பேச்சுக் கேட்டது.

"சும்மா கொஞ்சம் வெளிய வாங்களேன்," என்றார் செல்லக்கனி.

"எங்க வர? எண்ணி முடிச்ச ஊர உருவிட்டுப் போய்ட்டானுவ. திரும்ப ஒண்ணுல இருந்தா?"

இதழினி கையை இறக்கிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் ஒரு யோசனை வந்தது. தவிர்த்ததால் போன வீடு, நடந்தால் திரும்பி வரும். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மறுநாளிலிருந்து தினமும் வேலை முடிந்து அங்கே நடந்தாள். வாசலில் இரண்டு நிமிடம் நிற்பாள், திரும்பிவிடுவாள். மழை பெய்த நாட்களிலும் போனாள். எண்பத்தெட்டு நாள். ஒருநாள்கூட மணியை அழுத்தவில்லை. இடையில் ரவா உருண்டை பிடிக்கக் கற்றுக்கொண்டாள். முதல் மூன்று தடவை உதிர்ந்தது.

அடுத்த நகர்வு நாளில் மஞ்சள் வீடு திரும்பி வந்தது. பழைய இடத்தில் ஏற்கெனவே வேறு குடும்பம் வந்திருந்ததால், எதிர்வரிசையில் நின்றது. ஒரு ரோஜாத் தொட்டி உடைந்திருந்தது.

இதழினி டப்பாவை நிரப்பிக்கொண்டு போய் மணியை அழுத்தினாள்.

"அட, நீயா! வாம்மா." செல்லக்கனி டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். "முந்திரிக்கொத்து உனக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சேன். மொகத்தையே காணல."

"பிடிச்சுது ஆன்ட்டி. ரொம்ப."

அமிர்தராஜ் நாற்காலியில் கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"திரும்பி வந்துட்டீங்க, சந்தோஷம் சார்," என்றாள்.

"யாருக்கு சந்தோஷம்?"

"இந்தாருங்க," என்று செல்லக்கனி அதட்டினார். பிறகு இதழினியிடம் குரலைத் தாழ்த்தினார். "அங்க ஒரு மாசம் மொடங்கிக் கெடந்தாருமா. பெறகு எதிர்வீட்டு சூசைதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. காலையில ரெண்டு பேரும் ஏரிக்கரைல தூண்டில் போட்டுட்டு உக்காந்திருப்பாவ. ஒரு மீனும் வராது, பேச்சு மட்டும் வரும்."

"முந்நூத்தி நாலு அடி," என்றார் அமிர்தராஜ். "கரைல ஏற பதினோரு படி. போன செவ்வாதான் தனியாப் போய்ட்டு வந்தேன், தடுக்காம." கைத்தடியைத் தரையில் ஒருமுறை தட்டினார். "எங்கள இங்க இழுத்துட்டு வந்த புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா சொல்லும்மா. ரெண்டு வார்த்தை கேக்கணும்."

பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. இதழினி அதைப் பார்த்தாள்.

"நான்தான் சார்."

டப்பாவிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். பின்வாசல், அலுவலகம், எண்பத்தெட்டு மாலைகள். செல்லக்கனி டப்பாவை இறுக மூடினார்.

"அத்தன நாள் வாசல் வரைக்கும் வந்தியா?"

"ஆமா ஆன்ட்டி."

"ஒரு நாள் கதவத் தட்டிருக்கலாம்லா?"

அமிர்தராஜ் எழுந்தார். கைத்தடியால் வாசலைத் தேடி, படியில் நின்றார். "சரி வா. எனக்குத் திட்டத் தெரியாது. சூசை வீடு வரைக்கும் கூட்டிட்டுப் போ. இங்க இருந்து எத்தனைன்னு எண்ணிக்கிடுறேன். ஒருக்க தெரிஞ்சா போதும், தெனமும் நானே போய்க்கிடுவேன்."

அவள் அவர் கையைப் பிடித்தாள். ஓர் அடி வைத்தாள். அடியுணரி அதை உணர்ந்து பாதை விளக்கு ஒன்றை ஒளிரவிட்டது. அவள் நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"நீங்க தினமும் நடந்தா, தளவரை அவர் வீட்டை இங்க கொண்டுவந்துடும் சார்."

அமிர்தராஜ் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அவனுக்கு ஏரி இல்லாம விடியாதே."

"அது தளவரைக்குத் தெரியாது சார்."

"நடக்கலன்னா?"

"அவரை நீங்க விலக்கிட்டதா எடுத்துக்கும்."

அவர் நீட்டிய கைத்தடியை மெல்ல இழுத்துக்கொண்டார். இருவரும் அங்கேயே நின்றார்கள். ஓடுகளுக்கு அடியில் அடியுணரி அவர்கள் நின்ற நேரத்தையும் குறித்துக்கொண்டிருந்தது.