விலக்கு வைக்காத கதவு

அலுவலகத்தின் பின்வாசல் கதவைத் திறந்து மாடிப்படியில் கால் வைத்தவள், வரவேற்பறையில் நின்றாள்.

களைப்புதான் என்று நினைத்தாள். காலமானவர்களின் நினைவுப் பக்கங்களை நடத்தும் இணையதளத்தில் அவள் புரோகிராமர். மகளைக் காப்பகத்திலிருந்து அழைத்துப்போகும் அவசரம். முன்வாசல் கதவைத் திறந்தாள். ஏசியின் முனகலும், காயாத துணியின் வாடையும், தூசி படிந்த பிளாஸ்டிக் பூக்களும், சுவரோரம் நீண்ட வெளிச்சத்தில் நாற்காலிகளுமாக, வாசலுக்கு வெளியேயும் அதே வரவேற்பறைதான் இருந்தது. ஒரு நாற்காலியில் மட்டும் இப்போது ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஆபீஸ் முடிஞ்சுதுங்க," என்றாள்.

"என் எடத்துக்குத்தான் போனேம்மா," என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி. "இங்க கொண்டுவந்து விட்டுட்டாங்க."

 சற்று முன்புதான் அவள் தளத்தில் ஒரு கொக்கி எழுதி மாட்டியிருந்தாள். யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும், அது திறப்பதற்குள் முகவரியைப் பிடித்து மாற்றிவிடும் சிறு நிரல்.

"பணம் கட்டிப் புதுப்பிக்காத பக்கத்தைத் தேடி எவன் வந்தாலும் முகப்புப் பக்கத்துக்குத் தள்ளிடு," என்றிருந்தார் மேலாளர்.

"ஒரு பெரியவர் கெஞ்சறாரு சார். மகளோட பக்கத்தை தினமும் பார்ப்பாராம். அதுக்கு மட்டும் விலக்கு வைக்கட்டுமா? ஒரே வரிதான்."

"சத்திரமா நடத்தறோம்? நீ கெளம்பற வழியப் பாரு."

அந்த ஒரு வரியை அவள் எழுதவில்லை. எந்தப் பக்கம் புதுப்பித்தது, எது புதுப்பிக்காதது என்று பிரிக்கவும் நேரமில்லை. எந்த முகவரியானாலும் முகப்பு, தளத்தின் வரவேற்பறை. நாளை திருத்திக்கொள்ளலாம். நிர்வாகப் பக்கத்துக்குக்கூட விலக்கு வைக்கவில்லை. உள்ளே போய்த் திருத்த அவளுக்கே வழியில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

தன் அறைக் கதவைத் திறந்தாள். வரவேற்பறை. நாற்காலிகளில் நான்கைந்து பேர்.

கழிப்பறைக் கதவு. வரவேற்பறை. அநேகமாக எல்லா நாற்காலியும் நிறைந்திருந்தது. ஒருவருடைய நெஞ்சும் மூச்சில் ஏறி இறங்கவில்லை.

கடைசியில் இருந்த பள்ளிச் சீருடைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, எங்கப்பா இந்நேரம் என்னைப் பார்க்க வருவாரு. நான் இங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியாதே."

 "மன்னிச்சிடும்மா" என்று வாயசைத்தாள்.

போன் அடித்தது. கணவன்.

"எங்க இருக்க? பாப்பாவ நானே கூட்டிட்டு வந்துட்டேன். வீட்டு வாசல்லதான் நிக்கறோம்."

"கதவைத் திறக்காதீங்க."

"என்ன?"

"வீட்டுக் கதவை. தொடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"இவ ஒருத்தி. சாவியே போட்டாச்சு."

போனில் பூட்டு திரும்பியது.

எதிரே, அலுவலகக் கதவின் பூட்டும் திரும்பியது.

ஓடினாள். கதவைத் தோளால் அழுத்தினாள். அது அவளைத் தள்ளிக்கொண்டு திறந்தது.

"ஐ, அம்மா!"

மகள் உள்ளே ஓடிவந்தாள். பின்னால் கணவன், கையில் சாவியோடு. கதவு சாத்திக்கொண்டது.

சீருடைப் பெண் சிரித்தாள். சற்று நகர்ந்து உட்கார்ந்து, தன் நாற்காலியில் குழந்தைக்குப் பாதி இடம் விட்டாள்.