நூற்று அறுபத்து மூன்று கெஜம்

தூரம் காட்டும் இரண்டு கருவிகளில் ஒன்று பொய் சொன்னது. எது என்பதுதான் சிவசாமிக்குப் பிடிபடவில்லை.

பங்களாவின் பின் விறாந்தையில், ஈரம் ஊறிய கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கீழே ஒன்பதாம் நம்பர் தேயிலை மலையின் கோடியில் கிடக்கும் வெள்ளைப் பாறையைப் பச்சைக் கருவிக்குள் பார்த்துப் பொத்தானை அழுத்தினால், இருநூற்று நாற்பது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அது சரி. வாலிப வயதில் சர்வேக்காரருக்கு அளவுச் சங்கிலி இழுத்தவன் அவன். அந்தப் பாறை எத்தனை கெஜம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். கறுப்புக் கருவியை எடுத்து அதே பாறையைப் பார்த்தான். நூற்று அறுபத்து மூன்று என்றது. கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தான். நூற்று அறுபத்து மூன்று.

தோட்டத்துத் துரையின் மச்சான் லண்டனிலிருந்து இரண்டையும் கொண்டுவந்திருந்தார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று பார்த்துச் சொல்வது சிவசாமியின் பொறுப்பு. பங்களா வாச்சர் வேலையில் இருபது வருஷமாகத் துரைமாருக்குப் பன்றி காட்டிக் கொடுத்த கண் அவனுடையது. கறுப்பு, கைக்கு அடக்கமானது. ஒளி முதலில் எதில் போய் முட்டுகிறதோ அதன் தூரத்தைச் சொல்லும். பச்சை கெட்டிக்காரக் கருவி. நடுவே குறுக்கிடும் தூறல், பனி, குச்சி எதையும் சட்டை செய்யாமல் கடைசியில் இருப்பதை மட்டும் சொல்லும். சரிவு எவ்வளவு, தோட்டா எவ்வளவு தாழும் என்று தானே பார்த்து, எத்தனை கெஜம் என்று நினைத்துச் சுட வேண்டும் என்று இன்னொரு எண்ணையும் கீழே காட்டும்.

"இனிமே தப்பு வராது சிவசாமி," என்று துரை தன் சிங்களவாடைத் தமிழில் காலையில் சொல்லியிருந்தார். "அன்னைக்குத் தூரம் தெரியாமதானே அப்புடி ஆச்சு."

சிவசாமி தலையை ஆட்டினான். வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் அன்றைக்குத் தூரத்தில் தப்பு இல்லை. அது அவனுக்குத் தெரியும்.

ஏழு வாரத்துக்கு முன்னால், இதே விறாந்தை, இதே மாலைப் பொழுது, இதே சாரல். தேயிலையைக் கவாத்து வெட்டிய மலைக்குள் ஏதோ கறுப்பாய்க் குனிந்து மண்ணைக் கிளறியது. "என்ன அது? எவ்வளவு தூரம்?" என்று துரை கேட்டார். "பன்னிதான் தொரை. நூத்தி அறுவது கெஜம் இருக்கும்," என்று சிவசாமி சொன்னான். துவக்கு வெடித்தது. போய்ப் பார்த்தபோது, தலையோடு போர்த்திய கம்பளிக்குள் லயத்து வீரம்மா செத்துக் கிடந்தாள். கவாத்தில் வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சிகளை விறகுக்குப் பொறுக்க வந்தவள். கட்டிய விறகுக் கட்டு பக்கத்திலேயே இருந்தது. மழைக்குக் கம்பளி போர்த்திக் குனிந்து நிற்கிற பெண்ணை, தன் அம்மாவையும் பெண்டாட்டியையும் ஆயுசெல்லாம் அப்படியே பார்த்த சிவசாமி, பன்றி என்று சொன்னான். இதற்கு எந்தச் சாமி மன்னிப்புக் கொடுக்கும்?

அங்கேயே இருந்த பழைய உரக்குழியில் போட்டு இருவருமாக மூடினார்கள். திரும்பி ஏறி வரும்போது, சங்கிலி இழுத்த பழக்கம், பங்களா வரை அவன் கால் தானாகவே கெஜம் எண்ணியது. நூற்று அறுபத்து மூன்று.

தொழிலாளர் லயத்தில், அவள் யாரோடோ கொழும்புக்கு ஓடிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். புருஷன் பழனியாண்டி மட்டும் நம்பவில்லை. நேற்றும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வழி மறித்தான்.

"அண்ணே, நீங்க மலையெல்லாம் சுத்துறீங்க. எங்கயாச்சும் ஒரு துணி, ஒரு வளையலு... எதுவும் கண்ணுல பட்டா சொல்லுங்கண்ணே. செத்துட்டானு தெரிஞ்சாக்கூடப் போதும். எடுத்துப் போட்டுட்டு மனசு ஆறிக்குவேன்."

"இல்லப்பா," என்று சொல்லிவிட்டு வந்தான் சிவசாமி. அந்த ஒரு வார்த்தை இன்னும் நெஞ்சுக்குள் முள்ளாய் நின்றது.

துரை உள்ளே துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எண்ணெய் வாசம் வந்தது. தூரத்தில் தேயிலைப் பெக்டரியின் காற்றாடிகள் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஏறிய பனி தேயிலை நிரைகளுக்கிடையே ஊர்ந்து வந்து, பாறையை மறைத்து, சற்று நின்று, பிறகு யாரோ போர்வையை இழுத்ததுபோல் விலகியது. மலை முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. மொட்டையான தேயிலைத் தூர்கள். ஒரு காக்கை. வேறு எதுவும் இல்லை.

கறுப்புக் கருவியில் பார்த்தான். நூற்று இருபது.

கை அசைந்திருக்கும் என்று நினைத்து, சுவரோடு அழுத்தி வைத்துப் பார்த்தான். நூற்றுப் பதினொன்று. பச்சையில் பார்த்தான். இருநூற்று நாற்பது. பச்சைக்குப் பாறை தெரிகிறது. கறுப்புக்கு, பாறைக்கு முன்னால் வேறு எதுவோ தெரிகிறது.

எழுபத்தொன்று.

சாரல் ஓய்ந்திருந்தது. பனியும் இல்லை. காக்கை கத்தாமல் எழும்பிப் போயிற்று. சரிவில் எங்கோ மிலாறு மிதிபட்டு முறிகிற சத்தம் கேட்டது. ஒன்று. இன்னொன்று. மெதுவாக, பாரம் சுமந்து ஏறுகிறவர்களின் நடை.

முப்பது.

கண்ணை எடுத்தான். வெறும் மலை. கண்ணை வைத்தான்.

ஆறு.

பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே பயமாக இருந்தது. எடுத்தான். எத்தனை நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றானோ, திரும்ப அழுத்தியபோது இருநூற்று நாற்பது என்று வந்தது. வெள்ளைப் பாறை. நடுவில் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. நனைந்த கம்பளி. அடுப்புப் புகை. பச்சைக் கொழுந்து. மலைக்குப் போய்வரும் எந்தப் பெண்ணிடமும் வருகிற வாசம்தான். ஆனால் அது சரிவிலிருந்து வரவில்லை. விறாந்தைக்குள்ளிருந்து, அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"சரி, எது நல்லம்?"

துடித்துத் திரும்பினான். துரை துவக்கோடு நின்றார். அவர் மட்டும்தான். ஆனால் அவர் பக்கத்தில், காய்ந்த சிவப்புத் தரையில், ஒரு திட்டு ஈரமாக இருந்தது.

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். தொரை, இது நமக்குத் தாங்காது, பழனியாண்டிகிட்டப் போய்ச் சொல்லிருவோம், குழியைக் காட்டிருவோம். நாக்கு நுனிவரை வந்தது. துரையின் முகத்தைப் பார்த்தான். தன் வீட்டை நினைத்தான். பொலிஸை நினைத்தான்.

"பச்சைதாங்க தொரை. கறுப்பு சரியில்லைங்க. நடுவுல இல்லாததெல்லாம் காட்டுது."

"நானும் அதுதான் நெனச்சேன்," என்று துரை சிரித்தார். பச்சையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "கறுப்பை ஒபிசுல குடு, நாளைக்கு அனுப்பட்டும். நான் கொஞ்சம் இருந்து பாக்குறேன், பன்னி வந்தா இதை டெஸ்ட் பண்ணலாம்."

ஒபிசுக்கு ரோட்டு வழியாகப் போனால் முடக்கு வளைவில் ஆமிக்காரன் சோதிப்பான். சண்டை நடக்கிற காலத்தில், தூரம் பார்க்கிற கருவியோடு ஒரு தமிழன் பிடிபட்டால் அதோடு கதை முடிந்தது. அதனால் சிவசாமி துரையிடம் சொல்லாமலே குறுக்கு வழியில், ஒன்பதாம் நம்பர் மலைக்குள் இறங்கினான். திரும்பவும் சாரல் பிடித்தது. கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டான். மனசு லேசாகியிருந்தது. அது போய்விட்டது என்று நம்ப ஆசையாக இருந்தது. வேகமாக நடந்தான்.

பாதி மலையில் கால் வழுக்கியது. குப்புற விழுந்தான். இடுப்பிலிருந்த கருவி எகிறி எங்கோ தூர்களுக்குள் போனது. தொலைத்தால் துரை சும்மா விடமாட்டார். நாலு காலில் தவழ்ந்து, மிலாற்றை விலக்கி, ஈர மண்ணைக் கையால் கிளறித் தேடினான். விரலில் கறுப்பு வார் தட்டுப்பட்டது. நல்லவேளை. உடைந்துவிட்டதா என்று பார்க்க, அப்படியே முட்டியில் நின்றபடி கண்ணில் வைத்து, மேலே பங்களாவைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினான்.

நூற்று அறுபத்து மூன்று.

கை எங்கே ஊன்றியிருக்கிறது என்று குனிந்து பார்த்தான். அழுகிய மிலாறு. இற்றுப்போன கயிறு. யாரும் எடுத்துப் போகாத விறகுக் கட்டு.

திரும்பக் கண்ணில் வைத்தான். கண்ணாடிக்குள் விறாந்தை கிட்ட வந்து நின்றது. துரை பச்சைக் கருவியை இறக்கிவிட்டுத் துவக்கை எடுத்துக்கொண்டிருந்தார். தலையைச் சாய்த்து, பக்கத்தில் நிற்பவரிடம் ஏதோ கேட்டார்.

பக்கத்தில் ஒருத்தி நின்றாள். கம்பளி தலையோடு போர்த்தியிருந்தது. நுனியிலிருந்து நீர் சொட்டியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மண். கை நீண்டு நேராக இவனைக் காட்டியது.

"தொரை! நாந்தாங்க! நாந்தான் சிவ..."

சத்தம் வெளியே வரவில்லை. தொண்டையிலிருந்து ஒரு உறுமல் மட்டும் வந்தது.

எழ வேண்டும். கம்பளியை வீச வேண்டும். ஈரக் கம்பளி தோளை அழுத்தியது. அசையவில்லை. இரண்டு கைகள் பின்னாலிருந்து பிடித்திருப்பதுபோல் அழுத்தியது.

கண்ணாடிக்குள் மண் பிளந்தது. வாய் திறந்தது. அத்தனை தூரத்திலிருந்தும் குரல் காதோரமாய்க் கேட்டது. அவனுடைய குரல்.

"பன்னிதான் தொரை."

துரை தலையை ஆட்டினார். துவக்கைத் தோளில் வைத்தார். அவள் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை.