நீலக் கோப்புக்குள் வெற்றுத்தாள்

காலை 8.20. சின்ன விமானத் திடல் ஒன்றின் அலுவலக அறையில் தேவராசா இரும்பு அலுமாரியைத் திறந்து, நீலக் கோப்பை எடுத்து மேசையில் வைத்தார். வாங்க வந்தவருக்கு முன்னால் அதைச் சடங்குபோல விரித்தார். உள்ளே வெள்ளைத் தாள்கள் இருந்தன. நூற்றுக்கு மேல் இருக்கும். ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை.

இரண்டு தரம் புரட்டினார். பிறகு கோப்பைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார், அப்படிப் பார்த்தால் எழுத்து வந்துவிடும் என்பதைப்போல.

அந்தக் கோப்பில் ஒரு விமானத்தின் முழு வரலாறும் இருந்திருக்க வேண்டும். அது தொழிற்சாலையில் செய்த விமானம் அல்ல. கப்பல் தளத்தில் உலோக வேலை செய்து ஓய்வுபெற்ற பீற்றர் என்ற டேனிஷ்காரர், தன் வீட்டுக் கார்க் கொட்டகையில் பதினொரு வருடம் பாடுபட்டுத் தன் கையால் செய்த இரண்டு இருக்கை விமானம். எந்தத் தகட்டை என்றைக்குப் பொருத்தினார், எத்தனை மணித்தியாலம் பறந்தது, எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதெல்லாம் அந்தத் தாள்களில்தான் இருந்தன. அவை இல்லாமல் அந்த விமானம் சட்டப்படி பறக்க முடியாது. கழற்றிப் பாகம் பாகமாக விற்கத்தான் உதவும்.

தேவராசா டேனிஷ் நகரமான கோல்டிங்கில் பல் வைத்தியர். நாலு வருடத்துக்கு முன் பீற்றரிடமிருந்து விமானத்தை வாங்கினார். வாங்கியதும் பீற்றர் பொருத்தியிருந்த துணி இருக்கைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தடித்த தோல் இருக்கைகளைப் போட்டார். மேலே இரண்டு பூச்சு மினுமினுப்பு வர்ணம் அடித்தார். விமானத்தோடு நின்று எடுத்த படங்கள் அவருடைய கிளினிக் சுவரில் ஒன்பது தொங்கின. இப்போது அதைவிடப் பெரிய விமானம் வேண்டும் என்ற ஆசையில் இதை விற்க வந்திருந்தார்.

வாங்க வந்தவர் சிவானந்தன். ஹ்விடோவ்ரேயில் துப்புரவுக் கம்பனி நடத்துபவர். விமானி உரிமம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனால் இறக்கைச் சின்னம் குத்திய ஜாக்கெட்டை அதற்கு முன்பே வாங்கிவிட்டார்.

மூன்றாவது ஆள் சாருஜா. டோஸ்ட்ருப்பில் வசிப்பவள், முப்பத்தொன்பது வயது, உரிமம் பெற்ற விமானத் தொழில்நுட்பவியலாளர். வார இறுதிகளில், பழைய விமானம் வாங்குபவர்களுக்காக அதைப் பரிசோதித்து அறிக்கை எழுதிக் கொடுப்பாள். இன்றைக்குச் சிவானந்தன் அவளை அழைத்திருந்தார். விமானம் விற்பவர்களையும் வாங்குபவர்களையும் பதினைந்து வருடமாகப் பார்த்ததில், இரண்டு பக்கத்தைப் பற்றியும் அவளிடம் உயர்ந்த அபிப்பிராயம் எதுவும் மிச்சம் இருக்கவில்லை.

காலை 7.50க்குக் கோல்டிங் ரயில் நிலையத்தில் சிவானந்தன்தான் அவளைக் காரில் ஏற்றினார். முதல் நாளே வந்து விமானத்தைப் பார்த்துவிட்டு ஹோட்டலில் தங்கியிருந்தார். வழி நெடுகத் தன் அறிவைக் காட்டிக்கொண்டு வந்தார். தேவராசாவோடு ஒரு சுற்றுப் பறந்து பார்க்கப்போவதாகச் சொன்னார். தனக்கு நூற்றிரண்டு கிலோ, தேவராசாவுக்கு எண்பத்தெட்டு, ஆகவே தாங்கியில் முப்பது லீற்றருக்கு மேல் பெற்றோல் விடக் கூடாது என்றார். புது விமானிகள் இவ்வளவு கணக்குப் பார்ப்பது அபூர்வம். ஜாக்கெட்டுக்குள் கொஞ்சம் மூளையும் இருக்கலாம் என்று சாருஜா எண்ணிக்கொண்டாள்.

இப்போது அந்த மூளைக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கடுதாசி இல்லாத விமானத்தைப் பேசிய விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள், ஆனாலும் தேவராசா அண்ணையின் நிலைமை தனக்குப் பரிதாபமாக இருக்கிறது, பாகங்களின் விலைக்கென்றால் யோசிக்கலாம் என்றார்.

தேவராசாவின் காதில் அது ஏறவில்லை. "பீற்றர்தான்," என்றார். "அலுமாரிக்கு ரெண்டு திறப்பு. ஒண்டு என்னட்ட. மற்றது அவனிட்ட. இப்பவும் இது தன்ரை விமானம் எண்டுதான் அவனுக்கு நினைப்பு. விக்க விடாமச் செய்யிறான்."

8.31க்குப் பொலிசுக்குத் தொலைபேசி எடுத்து, பீற்றரின் பெயரையும் வயதையும் முகவரியையும் கொடுத்தார். முறைப்பாடு பதிவாகிவிட்டது, ஆள் வரும் என்றார்கள்.

8.45க்குப் பீற்றர் சைக்கிளில் வந்தார். எழுபத்தொரு வயது. திடலைப் பராமரிக்கிறவர் என்பதால்தான் இரண்டாவது திறப்பு அவரிடம் இருந்தது. தேவராசா அவருடைய முகத்துக்கு நேரே கள்ளன் என்று டேனிஷில் சொன்னார். பீற்றர் வெற்றுத்தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, கடைசித் தாள் வரை போனார். பிறகு கதிரையில் இருந்துவிட்டார். பதினொரு வருட வேலைக்கு வேறு பிரதி கிடையாது என்று சாருஜாவிடம் மெதுவாகச் சொன்னார். அலுமாரித் திறப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, யாரும் கேட்காமலே மேசையில் வைத்தார்.

சாருஜா பூட்டைப் பார்த்தாள். கீறல் இல்லை. கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

"நேற்று இதைப் பூட்டினது எத்தினை மணிக்கு?"

"அஞ்சு நாப்பது," என்றார் தேவராசா.

"பூட்டேக்கை கோப்பைத் திறந்து பாத்தீங்களா?"

"ஏன் பாக்கவேணும்? பாரமாத்தான் இருந்தது."

"அதுக்கு முதல் கோப்பு எங்கை இருந்தது?"

இந்த மேசையில்தான். ஐந்து மணிக்குச் சிவானந்தனுக்கு முதல் சில பக்கங்களிலிருந்த படங்களைக் காட்டியதாகத் தேவராசா சொன்னார். ஐந்தேகாலுக்கு, நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கட்டும் என்று தானும் பீற்றருமாக விமானத்தை வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். சிவானந்தன் தொலைபேசியில் கதைத்துக்கொண்டு அறையிலேயே நின்றார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தார்.

"பிள்ளை, இரவு வந்து திறந்தவனை விட்டிட்டு என்னைக் கேள்வி கேக்கிறீர்," என்றார் தேவராசா.

இரவில் யாரும் வந்திருக்கத் தேவையில்லை என்றாள் சாருஜா. திறப்பு வைத்திருப்பவன் கோப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போவான். உள்ளே வெள்ளைத்தாளைத் துளையிட்டுக் கோத்து, பாரம் குறையாமல் பார்க்கவேண்டிய தேவை, பூட்டப்படுவதற்கு முன் எடுத்தவனுக்குத்தான். தேவராசா பூட்டிவைத்தது வெற்றுக் கோப்பை.

 சிவானந்தன், அப்படியென்றால் விற்கிறவரே எதையாவது மறைக்க எடுத்திருக்கலாமே என்றார். அது முட்டாள்தனமான யோசனை அல்ல. சாருஜாவும் அதைத்தான் முதலில் எண்ணினாள்.

9.25. அவள் விமானத்துக்குள் ஏறினாள். கருவிப் பலகைக்குக் கீழே சின்னத் தகடு ஒட்டியிருந்தது. வெறும் விமானத்தின் எடை 360 கிலோ, ஆட்களும் பெற்றோலும் சேர்ந்து 600 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் இருந்தது. விற்பனை விளம்பரத்தைக் கைத்தொலைபேசியில் பார்த்தாள். அதிலும் 360தான். அவள் தோல் இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். பின்னால் எட்டிப் பார்த்தபோது, விமானத்தையே இறக்கக்கூடிய பெரிய அவசரப் பரசூட் ஒன்று புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. தன் குறிப்புப் புத்தகத்தில் இரண்டு வரி கணக்குப் போட்டாள். திரும்பவும் போட்டாள்.

பிறகு பீற்றரைத் தனியே கூப்பிட்டு, இந்த விமானத்தைக் கடைசியாக எடை பார்த்தது எப்போது என்று கேட்டாள். போன செப்டம்பர் என்றார் பீற்றர். தன்னுடைய தராசுகளில்தான் எடை பார்த்தது. 388 கிலோ. அந்த எடையை எழுதி, தேவராசா கையெழுத்துப் போட்ட தாள்தான் கோப்பின் கடைசிப் பக்கம். தகட்டை மாற்றச் சொல்லி மூன்று தரம் கேட்டும் தேவராசா மாற்றவில்லை. இதை வாங்க வந்தவரிடம் சொன்னீர்களா என்று சாருஜா கேட்டாள். அந்த மனிதர் நேற்று முழுவதும் தனக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை என்றார் பீற்றர்.

10.05. அவள் அறைக்குத் திரும்பினாள்.

"தேவராசா அண்ணை, இந்த விமானத்தின்ரை உண்மையான எடை என்ன?"

தேவராசாவின் முகம் சிவந்தது. தகட்டில் இருக்கிறதே என்றார்.

"388. தோல் இருக்கையும் பரசூட்டும் வர்ணமும் சேந்து இருபத்தெட்டுக் கிலோ கூட்டினது. இதைச் சிவானந்தன் அண்ணைக்குச் சொன்னீங்களா?"

பல் வைத்தியர் மேசையைப் பார்த்தார். "சொல்லேல்லை," என்றார். சொன்னால் யார் வாங்குவான் என்று முணுமுணுத்தார். பெயருக்குத்தான் இரண்டு இருக்கை. இரண்டு பெரியவர்கள் ஏறினால் அரைத் தாங்கி பெற்றோல்கூட விட முடியாது. வாங்க வருகிறவர்கள் படங்களைத்தான் பார்ப்பார்கள், கடைசிப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்று அவர் நம்பியிருந்தார்.

சிவானந்தன் உடனே கொதித்தார். இப்படி ஏமாற்றப் பார்த்தீர்களே, நாங்கள் விழுந்து சாகவா என்று கேட்டார். நன்றாகவே நடித்தார்.

"நீங்கள் விழமாட்டீங்கள் அண்ணை," என்றாள் சாருஜா. "உங்களுக்குக் காலமையே தெரியும். முப்பது லீற்றர் எண்டு காருக்குள்ளை சொன்னீங்கள்."

அவர் ஜாக்கெட்டின் சிப்பை மேலே இழுத்துப் பூட்டினார்.

சாருஜா குறிப்புப் புத்தகத்தை மேசையில் விரித்தாள். தகட்டிலும் விளம்பரத்திலும் உள்ள 360ஐ வைத்துப் பார்த்தால், இரண்டு பேரின் நூற்றுத் தொண்ணூறு கிலோ போக ஐம்பது கிலோ மிச்சம். அறுபத்தைந்து லீற்றர் பிடிக்கும் தாங்கியை நிரப்பிக்கொண்டே பறக்கலாம். 388ஐ வைத்துப் பார்த்தால் மிச்சம் இருபத்திரண்டு கிலோ. ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே அதற்குச் சரியாக முப்பது லீற்றர். அந்த 388 இந்த உலகத்தில் ஒரேயொரு தாளில்தான் எழுதியிருந்தது. தேவராசா மறைத்தார், பீற்றரிடம் சிவானந்தன் பேசவேயில்லை. ஹோட்டலில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்தவருக்குத்தான் முப்பது என்ற எண் வரும்.

"சும்மா ஊகிச்சுச் சொன்னது," என்றார் சிவானந்தன்.

"பொலிஸ் வந்து உங்கடை கார் டிக்கியைத் திறக்கிறதோ, நீங்களே திறக்கிறதோ?"

10.20க்கு அவரே திறந்தார். மடிக்கணினிப் பையில் நூற்றுப் பதினெட்டுத் தாள்கள் இருந்தன. முதல் நாள் துளையிட்ட வெற்றுத்தாள்களை அவர் கொண்டுவந்ததும் அதே பையில்தான். கடுதாசி தொலைந்த விமானத்தைப் பாகங்களின் விலைக்கு வாங்கிவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கடுதாசியைக் கண்டெடுத்ததாகச் சொல்வது அவருடைய திட்டம். அதை விளக்கும்போதும் அவர் தலை குனியவில்லை. வியாபாரத்தில் விலை குறைக்க எல்லாரும் ஏதோவொன்று செய்வதுதான் என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சாருஜா கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. எட்டு நிமிடத்தில் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். எடை விஷயத்தை வெளியில் சொல்லமாட்டேன் என்று சிவானந்தனும், கடுதாசி விஷயத்தை மறந்துவிடுகிறேன் என்று தேவராசாவும் ஒத்துக்கொண்டு கை குலுக்கினார்கள். பேசிய விலைக்கே விமானத்தை எடுப்பதாகச் சிவானந்தன் சொன்னார். கதிரையில் இருந்த பீற்றரை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

10.50க்குப் பொலிஸ் கார் வந்தது. இறங்கிய பெண் அதிகாரியிடம் தேவராசா புன்னகையோடு போய், எல்லாம் தவறாக விளங்கிக்கொண்டதால் வந்தது, முறைப்பாடு வேண்டாம் என்றார். சாருஜா குறுக்கிட்டு, நடந்ததை டேனிஷில் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அதிகாரி பொறுமையாக எழுதினார். பிறகு தேவராசாவிடம் விளக்கினார்: ஒரு மனிதரின் பெயரைச் சொல்லிக் களவு முறைப்பாடு பதிவாகியிருக்கிறது. குற்றமற்றவர் மேல் தெரிந்துகொண்டே குற்றம் சாட்டினீர்கள் என்றால் அது உங்கள் மேல் வழக்கு. நம்பித்தான் சொன்னீர்கள் என்றால், உண்மையில் எடுத்தவர் யார் என்று இப்போது எழுதிக் கையெழுத்திடுங்கள்.

தேவராசா பேனாவை வாங்கினார். சிவானந்தனின் பெயரை எழுத அவருக்கு அரை நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. எழுத்துப் பிழை வராமல், முழுப் பெயரையும் கேட்டு எழுதினார்.

அதிகாரி சிவானந்தனைக் காரில் ஏற்றினார். தாள்களைச் சான்றாக எடுத்துக்கொள்ள முன், பீற்றர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க அனுமதித்தார். ஒன்றும் குறையவில்லை. வழக்கு முடிந்ததும் அவை திரும்பிவரும் என்று எழுதிக் கொடுத்தார். தேவராசா யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் வீட்டுக்குப் போனார்.

திடலில் சாருஜாவும் பீற்றரும் மட்டும் நின்றார்கள். அறிக்கை கேட்டவர் பொலிஸ் காரில் போய்விட்டார். அடுத்த ரயிலுக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. அவள் பீற்றரிடம் ஒரு டோர்ச் வாங்கி, இயந்திர மூடியைக் கழற்றிவிட்டு, அவருடைய வேலையைத் தகடு தகடாகப் பார்க்கத் தொடங்கினாள். அன்றைக்கு அங்கே அவள் மதித்துப் பார்த்த முதல் பொருள் அதுதான்.